வீட்டில் வேறு யாருமில்லையா

ஹெம்லாக்
ஜனவரி 14, 1987

அன்புள்ள ஹெல்மி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு இருமல் மட்டும், கிறிஸ்துமஸுக்கு வந்த விருந்தாளி மாதிரி, இன்னும் கிளம்பவில்லை. உன் முதுகு வலி எப்படி? கைசாவும் மாப்பிள்ளையும் நலமா? அலாஸ்காக் குளிரில் குட்டிப் பேத்திக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா?

இப்போது சங்கதிக்கு வருகிறேன். சமுதாயக் கல்லூரிகளுக்கு வரும் பணத்தில் சட்டமன்றம் இந்த வருடம் கை வைக்கப் போகிறதாம். தலைநகர் ஒலிம்பியாவுக்குப் போய் உறுப்பினர்களைப் பார்த்துப் பேச, எங்கள் கல்லூரி ஆசிரியர்கள் ஓர் ஆளைத் தேடினார்கள். வெல்டிங் வாத்தியாருக்கு வாய் நீளம் என்று எவனோ சொல்ல, என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பட்ஜெட்டின் செலவுப் பட்டியலில் மாணவர் உதவி என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் எங்கள் குழந்தைகள் காப்பகம் ஜூன் மாதத்தோடு மூடல். முப்பத்தொரு பிள்ளைகள். அவர்களின் அம்மாக்களில் பாதிப் பேர் செவிலியர் படிப்பில் கடைசி வருடம். காப்பகம் எங்கே நடக்கிறது தெரியுமா? நீ கணக்கியல் படித்த அதே பழைய ராணுவக் கொட்டகையில். தகரக் கூரையை இன்னும் மாற்றவில்லை. மழை வந்தால் பிரிக்ஸ் வாத்தியாரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும், நாங்களாக ஒரு பாடத்தை நினைத்துக்கொள்வோம் என்று நீ சொல்வாயே. இப்போது அதே சத்தத்தில் முப்பத்தொரு பிள்ளைகள் மத்தியானம் தூங்குகிறார்கள். எப்படித்தான் தூங்குகிறார்களோ.

ஆசிரியர் சங்கத்துக்காக இருபது வருடமாக ஒலிம்பியாவில் படியேறி இறங்கும் ஓபல் டிங்லி என்ற அம்மாள் எங்களுக்கு வழி சொன்னாள். "நம்பரைச் சொன்னா தூங்கிடுவாங்க. ஒரு ஆளைச் சொல்லுங்க. ஒரே ஒரு ஆளு போதும்" என்றாள். அப்போது எனக்கு உன் நினைவுதான் வந்தது. கடைசிப் பரீட்சை ஒன்றே ஒன்று பாக்கி இருக்கும்போது ஏன் நின்றாய் என்று அரைப் பக்கம் எழுதி அனுப்புவாயா?

உன் தம்பி,
வெய்னோ

•

சிட்கா
ஜனவரி 27, 1987

அன்புத் தம்பி வெய்னோவுக்கு,

கடிதம் வந்தது. முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. கைசா நலம். பேத்திக்குச் சளியெல்லாம் இல்லை, மீன் தின்னும் கடற்சிங்கம் மாதிரி வளர்கிறாள். இருமலுக்குத் தேனும் வெங்காயமும் போட்டுக் குடி. உனக்குப் பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் குடி.

அந்தக் கொட்டகை இன்னும் நிற்கிறதா! நடுவில் ஒரு இரும்பு அடுப்பு இருக்குமே, அதன் பக்கத்து இடத்துக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். முந்தி வந்தவளுக்கு முதுகு வேகும், பிந்தி வந்தவளுக்கு விரல் விறைக்கும். அம்மா சனிக்கிழமை சுடும் ஏலக்காய் ரொட்டியைத் திங்கட்கிழமை அந்த அடுப்பின் மேல் வைத்துச் சூடாக்கித் தின்போம். வாசனையில் பிரிக்ஸ் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டுத் தனக்கும் ஒரு துண்டு கேட்பார். பதினாலு பெண்கள், ஒன்பது தட்டச்சு இயந்திரம். என் இயந்திரத்தில் ஒரு எழுத்து எப்போதும் ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் கை விரல் துருதுருக்கிறது.

ஏன் நின்றேன் என்று கேட்டாய். எண்கள் சலித்துப் போயின. அப்படியே எழுதிக்கொள்.

மரியாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா,
ஹெல்மி

•

ஹெம்லாக்
பிப்ரவரி 7, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

தேனும் வெங்காயமும் குடித்தேன். இருமல் போனது, கூடவே மரியாவும் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். மற்றபடி நலம். நீங்கள் அனைவரும் சுகம்தானே?

எண்கள் சலித்துப் போனவள், மீன் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறாய். யாரிடம் விடுகிறாய் கதை?

ஒலிம்பியா போய் வந்தேன். அங்கே ஒரு வழக்கம். சபை நடக்கும்போது உள்ளே போக முடியாது. ஒரு சீட்டில் பேரையும் விஷயத்தையும் எழுதி வாசல் காவலரிடம் கொடுக்க வேண்டும். அவர் உள்ளே கொண்டுபோய் உறுப்பினரின் மேசையில் வைப்பார். மனசிருந்தால் அவர் எழுந்து வெளியே வருவார். பளிங்குத் தரையில் ஐம்பது பேர், எல்லோர் கையிலும் சீட்டு. நல்ல கோட்டுப் போட்டவர்கள் நடுவில் நான் என் பட்டறைச் சட்டையோடு நின்றேன். மூன்று மணி நேரம் கழித்துக் காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஹீட்டர் குழாய் பாக்க வந்தவர்தானே? ஏன் இங்க நிக்கறீங்க?" என்று கேட்டார். இல்லை, காப்பகத்துக்காக வந்திருக்கிறேன் என்றேன். "அப்ப சரி. ஆனா வந்ததுக்கு அதையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்களேன்" என்றார். பார்த்தேன். ஒரு திருகுதான் தளர்ந்திருந்தது. நான் திரும்பி வருவதற்குள் உறுப்பினர் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

ஓபல் அம்மாள் என்னைத் திட்டிய திட்டை எழுத இந்தத் தாள் போதாது. மார்ச் 11-ஆம் தேதி பட்ஜெட் குழுவின் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆளுக்கு இரண்டு நிமிடம். வரைவிலிருந்து எடுத்துவிட்ட அந்த வரியைக் குழு அன்றைக்குப் பிறகு திரும்பச் சேர்த்தால் உண்டு, இல்லையென்றால் காப்பகம் இல்லை.

அக்கா, வேடிக்கையெல்லாம் போகட்டும். நீ நின்றதைப் பற்றி நாம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. எழுதேன்.

உன் தம்பி,
வெய்னோ

•

சிட்கா
பிப்ரவரி 16, 1987

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் மரியாவும் நலமென்று நினைக்கிறேன். அவளைப் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டுக்கொள்.

குழாய் சரி செய்த கதையைக் கைசாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா எங்க போனாலும் மாமாதான்" என்றாள்.

அந்த நாளைய உன்னை அவளுக்கு நினைவிருக்க வழியில்லை, எனக்கு இருக்கிறது. அவள் அப்பன் காட்டில் மரம் விழுந்து செத்துப் போன அந்தக் குளிர்காலத்தில், அவளுக்கு எட்டு மாதம். அம்மாவுக்குச் சிப்பி ஆலையில் பகல் வேலை. அப்பா மரம் வெட்டும் முகாமில். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நீ பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவாய். நான் கோட்டை மாட்டிக்கொண்டே பிள்ளையை உன் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். பதினாறு வயதுப் பையன், தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பாய். பந்து விளையாடும் பையன்கள் "ஆயா வர்றாங்கடா" என்று கத்துவார்கள். நீ காது கேட்காத மாதிரி போவாய். ஒரு நாள் நான் திரும்பி வந்தபோது, வெல்டிங் புத்தகத்தை அவளுக்கு ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாய். அவள் அதைக் கேட்டுத் தூங்கிவிட்டாள். என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று யாராவது கேட்டால், புருஷனைப் பறிகொடுத்த அந்தக் குளிர்காலம் என்றுதான் சொல்ல வருகிறது. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

சட்டமன்றத்துக்கு நான் எழுத மாட்டேன். வேறு யாரையாவது பார்.

உன் அக்கா,
ஹெல்மி

•

ஹெம்லாக்
பிப்ரவரி 24, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமே விழைகிறேன். நேரமில்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வேறு யாரையாவது பார் என்றாய். பார்த்தேன். ராண்டா ஓசென்ஸ்கி என்று ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், செவிலியர் வகுப்பில் முதல் மாணவி. அவள் வந்து பேசுவதாக இருந்தது. காப்பகம் மூடப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், எப்படியும் ஜூனில் நிற்கத்தான் வேண்டும், இப்போதே நின்றுவிடுகிறேன் என்று சொல்லி, நெடுஞ்சாலை ஓட்டலில் பரிமாறப் போய்விட்டாள். நேற்று அங்கே போய்க் கெஞ்சினேன். காபியை ஊற்றிக்கொண்டே, "சார், அவங்க முன்னாடி நின்னு அழ என்னால முடியாது. நீங்களே பேசுங்க" என்றாள்.

நான் என்னத்தைப் பேசுவேன்? நான் அதே கல்லூரியில் இரண்டு வருடமும் ஒரு நாள் தவறாமல் படித்து, அங்கேயே வாத்தியார் ஆனவன். என் கையில் பிள்ளை இருந்ததில்லை. இருந்தது, வாரத்தில் மூன்று நாள்.

உன் பேரைச் சொல்ல மாட்டேன். ஊரைச் சொல்ல மாட்டேன். அரைப் பக்கம், அக்கா.

வெய்னோ

•

சிட்கா
மார்ச் 3, 1987

தம்பிக்கு,

நலம். இது இன்றைய விமானத்தில் போக வேண்டும் என்பதால் அதிகம் எழுதவில்லை. அந்த ராண்டாவுக்காக எழுதுகிறேன், உனக்காக இல்லை. உள்ளே தனித் தாளில் இருப்பதை அப்படியே படி. ஒரு சொல் கூட்டாதே. ஒரு சொல் குறைக்காதே.

ஹெல்மி

(தனித் தாள்)

குழுவினருக்கு வணக்கம். 1958-ஆம் வருடம் நான் ஹெம்லாக்கில் கணக்கியல் படித்தேன். எனக்கு இருபது வயது, கைக்குழந்தை ஒன்று, புருஷன் இல்லை. ஐந்து பரீட்சைகளில் நான்கை எழுதினேன். மார்ச் 18-ஆம் தேதி ஐந்தாவது. அன்று மத்தியானம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அதனால் போகவில்லை. பிறகு ஊரை விட்டு வந்துவிட்டேன். நல்ல வேலைதான் செய்கிறேன், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஐந்தாவது பரீட்சைக்கு நான் நன்றாகப் படித்திருந்தேன் என்பதை மட்டும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

•

ஹெம்லாக்
மார்ச் 12, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கூட்டத்துக்கு முந்தைய நாள் வந்தது. எல்லோரும் நலமா என்று கேட்கக்கூட மறந்துவிடுவேன் போலிருக்கிறது. நலமா?

நேற்றைக் கதையைச் சொல்கிறேன். வாசலில் ஒரு தாள், அதில் பேரை எழுதி, ஆதரவா எதிர்ப்பா என்று குறிக்க வேண்டும். என் முறை வர நான்கு மணி ஆகிவிட்டது. குழுத் தலைவர் டெல்பர்ட் குரூம், கிழக்குப் பக்கத்துக் கோதுமை விவசாயி. நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து, நீ எழுதியதை நீ எழுதியபடியே படித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை. ஒரு நிமிடம்தான் ஆனது. எழுந்திருக்கப் போனேன்.

அப்போது குரூம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "வீட்ல வேற யாருமே இல்லையா?"

அக்கா, தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீ எழுதியதும் அதுதான். ஆனால் அந்த மனுஷர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இருந்தான். ஒரு தம்பி இருந்தான்" என்று சொன்னேன். "அன்னிக்கு அவன்தான் வரணும். வரலை."

"ஏன் வரலை?"

"கடல்லேருந்து ஆத்துல ஸ்மெல்ட் மீன் கூட்டங்கூட்டமா ஏறிடுச்சு. பள்ளிக்கூடமே காலி. அவனும் வலையை எடுத்துக்கிட்டு ஓடிட்டான். மறந்தே போயிட்டான். ராத்திரி ரெண்டு வாளி மீனோட வீட்டுக்கு வந்தான். அக்கா ஒரு வார்த்தை பேசாம வாங்கி, எல்லாத்தையும் கழுவி, மாவுல புரட்டி, பொரிச்சுக் குடுத்தா. அவன் தின்னான்."

ஆற்றங்கரையில் வளர்ந்த ஓர் உறுப்பினர் தலையைக் குனிந்துகொண்டார். மீன் ஏறினால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வேறு எதுவும் நினைவிருக்காது என்று அவருக்குத் தெரியும். குரூம் கேட்டார், "அந்தத் தம்பி இப்ப என்ன பண்றார்?" நான் சொன்னேன், "அதே காலேஜ்ல வெல்டிங் சொல்லித் தர்றார். உங்க முன்னாடி உக்காந்திருக்கார். பதினாறு வயசுப் பையனை நம்பி ஒருத்தி படிக்க வேண்டியிருக்கக் கூடாதுங்க ஐயா. அதுக்குத்தான் காப்பகம்."

வெளியே வந்ததும் ஓபல் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை என்றாள். நம்பிக்கை இருக்கிறது, அக்கா!

உன் தம்பி,
வெய்னோ

•

ஹெம்லாக்
ஏப்ரல் 4, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஏதுமில்லையே? கைசாவிடம் தொலைபேசியில் பேசினேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, வேலைக்குப் போறாங்க" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெற்றி! குழு அந்த வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டது. கேட்டதில் முக்கால்வாசிதான், ஆனாலும் காப்பகம் மூடாது. ராண்டா திரும்பி வந்துவிட்டாள். விட்டுப்போன பாடத்தைக் கோடையில் எழுதித் தருவதாக ஏற்பாடு. மரியா ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். பிள்ளைகள் மேலெல்லாம் சர்க்கரை.

இதெல்லாம் உன் அரைப் பக்கத்தால் நடந்தது. ஒரு வரியாவது எழுது.

வெய்னோ

•

சிட்கா
ஏப்ரல் 19, 1987

வெய்னோவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. காப்பகம் தப்பியதில் சந்தோஷம். ராண்டாவிடம் சொல், அவள் யாரென்றே தெரியாத ஒருத்தி அலாஸ்காவில் சந்தோஷப்பட்டாள் என்று.

ஒரு சொல் கூட்டாதே என்றேன். ஏன் என்று யோசித்தாயா? "யாரும் இல்லை" என்று நான் எழுதியது பொய் என்று எனக்குத் தெரியாதா? இருபத்தொன்பது வருடமாக அம்மாவிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை, கைசாவிடம்கூடச் சொல்லவில்லை. உன் பேர் எங்கேயும் வரக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தேன். நீ இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொட்டிவிட்டாய்.

கொட்டியதுகூடப் பரவாயில்லை. கோதுமை விவசாயியிடம் சொன்னாய். வாசலில் பேர் எழுதி, வரிசையில் காத்திருந்து சொன்னாய். என்னிடம் சொன்னாயா? இத்தனை வருடத்தில் ஒரு தடவை? கூட்டத்தைப் பற்றி நீ எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், யார் தலையைக் குனிந்தார், எல்லாம் இருக்கிறது. எனக்கென்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

ஹெல்மி

•

ஹெம்லாக்
ஏப்ரல் 27, 1987

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

ஆறு தாள் கிழித்துவிட்டேன். சட்டமன்றக்காரர்களிடம் பேசுவது சுலபம். அவர்கள் என் அக்கா இல்லை.

அன்று ராத்திரி வாளியோடு வாசலில் வந்து நின்றபோது, உன் கோட்டு ஆணியில் தொங்குவதைப் பார்த்தேன். பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுகொண்டே சொல்லியிருப்பேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு நீ அலாஸ்கா கப்பலேறினாய். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் தினமும் பட்டறைக்குப் போகிறேன்.

நான் வந்திருக்க வேண்டும், அக்கா. வரவில்லை. உன் படிப்பு என்னால் போனது. என்னை மன்னித்துவிடு. இதை முதலில் உன்னிடம் சொல்லாததற்கும் மன்னித்துவிடு.

உன் தம்பி,
வெய்னோ

•

சிட்கா
மே 16, 1987

அன்புத் தம்பி வெய்னோவுக்கு,

நான் நலம், கைசா நலம். நீயும் மரியாவும் நலமாக இருங்கள். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம் அதைப் படித்த அன்றே போய்விட்டது. நானும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குத்தான் இத்தனை நாள்.

பரீட்சைக்கு மறுநாள் பிரிக்ஸ் வாத்தியார் நம் வீட்டுக்கு வந்தார். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். தொப்பியைக் கழற்றாமல் மழையில் நின்றுகொண்டே சொன்னார்: "ஹெல்மி, வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மட்டும் இருப்பேன். வந்து எழுதிட்டுப் போயிடு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

புதன், வியாழன். இரண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை உன் முறை இல்லை, உன்னைக் கேட்க வேண்டும். நீ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் சுற்றிச் சுற்றி வந்தாய். நீயாக வந்து, "அக்கா, வெள்ளிக்கிழமை நான் பாத்துக்கறேன்" என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். என்ன ரோஷம் பார். வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாது. நான் சொன்னால்தானே தெரியும்? கேட்டிருந்தால் மத்தியானமே வந்து வாசலில் நின்றிருப்பாய். எனக்கு அது நன்றாகத் தெரியும். கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி ஆனது, நான்கு ஆனது. அவ்வளவுதான்.

அதனால் செவ்வாய்க்கிழமை உன்னுடையது, வெள்ளிக்கிழமை என்னுடையது. உன்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று போன கடிதத்தில் பெரிதாக எழுதினேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, என்னுடையது வெளியே வராமல் இருக்கத்தான். நீ தினமும் அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்திருந்தால் முன்பே எழுதியிருப்பேனோ என்னவோ. என்னை நீயும் மன்னிக்க வேண்டும்.

ஜூன் 12 காலையில் கப்பலில் சியாட்டில் வருகிறேன். பேத்தியும் வருகிறாள், மூன்று வயது, ஒரு நிமிடம் ஓர் இடத்தில் இருக்க மாட்டாள். மத்தியானம் எனக்குக் கண் டாக்டரிடம் இரண்டு மணி நேர வேலை. அவளை அங்கே கூட்டிக்கொண்டு போக முடியாது. அன்று வெள்ளிக்கிழமை.

வெய்னோ, அன்றைக்கு மத்தியானம் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாயா? கேட்டுவிட்டேன். பதில் எழுது.

உன் அக்கா,
ஹெல்மி